புகை நகராத வீடு

கொசுவத்தி எதற்கு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், கொசுவை விரட்ட என்று. இவள் விஷயமே வேறு. இவள் கைப்பையில் சாவிக்கொத்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவே ஒரு தகர டப்பா இருக்கும். திறந்தால் உடைந்த கொசுவத்தித் துண்டுகளும் தீப்பெட்டியும். யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தண்ணீரைக் குடிக்கும் முன்பே, "ஒரு நிமிஷம் ஃபேனை நிறுத்திக்கவா?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டைக் கொளுத்துவாள். கூடத்தின் நடுவில் நின்று, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அது அவளுக்குத் தெரியாது. அவள் கண் முழுக்கப் புகையில் இருக்கும்.

கடைசியில் அதுவே பேராகிப் போனது. வேலை செய்த இடத்தில் மரியாதையாகக் 'கொசுவத்தி மேடம்'. வீட்டில் மரியாதை இல்லாமல் வெறும் 'கொசுவத்தி'.

அவள் ஒரு இன்ஜினியர் ஆபீசில் வீட்டு வரைபடம் போடுகிறவளாக இருந்தாள். வயசுப் பெண்ணாகப் போய் உட்கார்ந்தவள், காதோரம் நரைக்கிறவரை அதே மூலை நாற்காலியில் இருந்தாள். "ரூமுக்கு ரெண்டு ஜன்னல், நாலுக்கு நாலு, போட்டுத் தள்ளுங்க" என்பார் இன்ஜினியர். அவளும் போட்டுத் தள்ளினாள். சுவரில் எங்கே வைத்தால் அழகாக இருக்குமோ அங்கே ஜன்னல். அவ்வளவுதான். அந்த ஜன்னல் வழியாக என்ன வரும், வந்தது எங்கே போகும் என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை, அவளும்தான்.

ஒருநாள் மத்தியானம் கரன்ட் போயிற்று. மேஜைக்கடியில் கொசுவத்தி எரிந்துகொண்டிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே வேறு வேலையில்லாமல் அதன் புகையைப் பார்த்தாள். அது எழும்பி, அவள் தோளுக்குப் பக்கத்திலிருந்த பெரிய ஜன்னலை ஏறிட்டும் பார்க்காமல், அறையைச் சாவகாசமாகக் குறுக்கே கடந்து, கழிவறைக் கதவுக்கு மேலே இருந்த சந்துக்குள் நுழைந்தது. 'இத்தனை பெரிய ஜன்னல் இங்கே இருக்க, இதற்கு அங்கே என்ன வேலை?' என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பின்னாலேயே போனாள். கழிவறையின் அந்தப் பக்கச் சுவரில், மேலே, கையகல வெண்டிலேட்டர் ஒன்று நிழலைப் பார்த்துத் திறந்திருந்தது. புகை அதன் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. காற்றுக்கு உள்ளே வர வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வழி வேண்டும் என்பது அன்றைக்குக் கழிவறை வாசலில் நின்றபடி அவளுக்குப் புரிந்தது. ஞானம் எங்கே வரும் என்று யார் கண்டது!

அன்று பிடித்த பைத்தியம் விடவேயில்லை. போகிற வருகிற கட்டடங்களிலெல்லாம் புகை விட்டுப் பார்த்தாள். இன்ஜினியர் நல்ல மனிதர், திட்டவெல்லாம் இல்லை. "மேடம், ஜன்னலை எங்க வெச்சா என்ன? கடைசியில ஏ.சி. மாட்டி மூடத்தானே போறாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் அவளை வெளியே கிளப்பியது. தனியாகச் செய்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். "போயிட்டு வாங்க. உங்க நாற்காலி காலியாவே இருக்கும்" என்று அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சுருக்கென்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் கணவர் ஏ.சி. மெக்கானிக். "ஊர்ல எவ்வளவோ பொண்ணு இருக்க, என் பொழப்புல மண்ணைப் போடறதுக்குன்னே ஒருத்தியைத் தேடிப் பிடிச்சிருக்கேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அவள் தானாக வரைந்த முதல் வீடு தம்பியுடையது. அவளை நம்பி மனை வாங்கியவன் அவன் ஒருவன்தான். அந்த வீட்டை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்தாள். காற்று வருகிற பக்கம் ஒவ்வொரு அறைக்கும் தாழ்வான அகல ஜன்னல். வெயில் சுவரில் படாதபடி நீண்ட சன்ஷேட். வீட்டின் நடுவே படிக்கட்டு, அது கூரைக்கும் மேலே ஒரு கூண்டாக எழும்பி, அதன் உச்சியில் நாலு பக்கமும் ஓட்டைக் கற்கள். சூடான காற்று மேலே ஏறி அங்கே வெளியேறும். ஏறுகிற வேகத்தில் அறைகளிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு போகும். அதற்காக ஒவ்வொரு அறைக் கதவுக்கும் மேலே படிக்கட்டைப் பார்த்து ஒரு நீளத் திறப்பு. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாலும் காற்று நிற்காது. அந்தத் திறப்பு வழியாக யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று சாய்வாக மரப்பட்டிகளும் வைத்தாள். தூசி துடைக்க அந்தச் சட்டத்தைக் கழற்றி மாட்டலாம். எல்லாவற்றையும் யோசித்தாள் பாருங்கள்.

வீடு முடிந்து, சாமான் எதுவும் வருவதற்கு முன் கூடத்தில் கொசுவத்தி கொளுத்தினாள். புகை யாரோ கூப்பிட்ட மாதிரி படியேறி மேலே போனது. வேலையை நிறுத்திவிட்டுக் கொத்தனார்களும் அண்ணாந்து பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சிமெண்ட் தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

தம்பி, அவன் மனைவி, அப்பா மூன்று பேரும் குடிவந்தார்கள். அப்பா பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்கிறவராக இருந்தவர். அவர் குரல் கேட்டால் தூங்குகிறவன் எழுந்து மூட்டையைத் தூக்குவான். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வலது கையும் பாதி தேறிவிட்டது, நாக்கு மட்டும் தேறவில்லை. வார்த்தை குழறும். அதனால் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். தலையாட்டுவார், கை காட்டுவார்.

வெயில் காலம் வந்தது. தம்பி போன் செய்து அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காத. ராத்திரி ரூம்ல படுக்க முடியல. புழுங்குது. மச்சான்கிட்ட சொல்லிட்டேன், ரெண்டு ஏ.சி. பார்க்கச் சொல்லி. சனிக்கிழமை அளவெடுக்க வர்றேன்னாரு."

அவள் கணவர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

"எப்பச் சொன்னான்?"

"நேத்து. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நான் வேணா முடியாதுன்னு சொல்லிடறேன்."

"வேணாம். நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் அந்த வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்திருந்தால் தங்கள் வீட்டையும் அவளே வரைய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்த ஒரே வேலை அது. அவர்கள் வந்து பார்க்கும்போது அந்த வீடு புழுங்கி, ஏ.சி.க்கு அளவெடுத்திருப்பது தெரிந்தால் கதை முடிந்தது. அந்த மூலை நாற்காலிக்குத்தான் திரும்ப வேண்டும். ஆனால் அதைவிட ஒன்று அவளைக் குடைந்தது. காற்று படியேறியதை அவள் கண்ணால் பார்த்தாளே, அது இப்போது எங்கே போயிற்று?

சனிக்கிழமை போனார்கள். அவர் கையில் அளவு நாடா, அவள் கையில் தகர டப்பா.

முதலில் வீட்டைச் சுற்றி வந்தாள். பக்கத்து மனையில் புதிதாகச் சுவர் எழும்பியிருக்கிறதா? இல்லை. கொடியில் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஆக வெளியே காற்றுக்குக் குறைவில்லை. ஜன்னலில் கொசுவலை தூசியடைந்து கிடந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கழுவினாள். படிக்கட்டு உச்சியில் ஏறிப் பார்த்தாள். ஒரு குருவிக்கூடுகூட இல்லை.

"ராத்திரி படுக்கிற மாதிரியே கதவைச் சாத்து" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவன் படுக்கையறைக்குள் கொசுவத்தியைக் கொளுத்தினாள். புகை இறைவணக்கத்துக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளை மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. சாயவில்லை, அசையவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, எதிரே கதவுக்கு மேலே திறப்பு இருக்கிறது, நடுவில் புகை மட்டும் மலைத்துப்போய் நிற்கிறது.

"பார்த்தியாக்கா? நான் பொய் சொல்லலை" என்றான் தம்பி.

அவள் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். மரப்பட்டிகளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மூச்சுக்காற்றுகூட இல்லை. சட்டத்தைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு தலையணை நேராக அவள் முகத்தில் வந்து விழுந்தது.

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அவன் மனைவி, "என்னங்க இது? இந்தத் தலகாணியையா ஒரு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்?" என்றாள்.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"அது வந்து... நான் குறட்டை விடுவேன்ல. அது இந்த ஓட்டை வழியா போய் வீடு பூரா கேக்குதுக்கா. ஒருநாள் காலையில அப்பா என்னைப் பார்த்து லாரி ஓட்டற மாதிரி கையைச் சுத்திக் காட்டினாரு. எனக்கு வெக்கமா போச்சு. ஒரு ரூம்ல ஒண்ணை அடைச்சா என்ன ஆயிடப் போகுதுன்னு..."

"அடைச்சுட்டு எங்கிட்டயே புழுங்குதுன்னு போன் பண்ணியா?"

"வீடு பூரா புழுங்குதுக்கா. நான் அடைச்சது ஒண்ணைத்தானே?"

அதுவும் நியாயம்தான். அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே கதவுக்கு மேலிருந்து கடைத்தெருத் துணிப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்துகொண்டேயிருந்தன. இந்த முறை தம்பி கையைக் கட்டிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"அண்ணி, நான் சமைக்கறப்ப எங்கம்மாகிட்ட போன்ல பேசுவேன்" என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. "வீட்டுக் கதை நாலும் இருக்கும். இவரைப் பத்தி இருக்கும்."

"என்னைப் பத்தி?" என்றாள் அக்கா.

"உங்களைப் பத்தியும்தான் அண்ணி" என்றாள் அவள், மெதுவாக ஆனால் ஒளிக்காமல். அக்காவின் கணவர் அளவு நாடாவை வாயில் கவ்விக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பட்டி வைத்தவள், காதை மறந்துவிட்டாள். காலி வீட்டில் புகையை விட்டுப் பார்த்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசிப் பார்க்கவில்லை. காற்று போகிற வழியில்தானே பேச்சும் போகும். இந்த மனிதர்களையும் என்னவென்று சொல்வது? 'நீ பேசுவது எனக்குக் கேட்கிறது' என்று ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்ல நாணப்பட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஓட்டையை அடைத்துவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மிச்சம் அப்பா அறை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் புகையை விட்டாள், அது அங்கேயும் நெட்டுக்குத்தாக நின்றது. அவர் புகையைப் பார்த்தார், திறப்பைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். சட்டத்தைக் கழற்றினாள். சுருண்டு கிடந்த காக்கிச் சட்டைகள், அவருடைய பழைய சீருடை. கையில் முழு பலமில்லாத மனிதர் அவ்வளவு உயரத்தில் எப்படி ஏற்றினார் என்று சுற்றிலும் பார்த்தாள். மூலையில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. அதைக் கொண்டு பட்டிகளுக்கு இடையே ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறார்.

"நீங்களுமாப்பா? எதுக்கு?"

அவர் வாயைத் திறக்கவில்லை. கையால் 'ஒன்றுமில்லை' என்று காட்டினார். அவள் சட்டைகளைக் கட்டிலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அவளுக்கு இதுதான் விளங்கவில்லை. "குறட்டை விடறவன் அடைக்கிறான், சரி. போன் பேசறவ அடைக்கிறா, அதுவும் சரி. வாயே திறக்காத மனுஷன் எதுக்கு அடைக்கணும்?"

தம்பி தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான். அவன் மனைவி மட்டும் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி. மாமா பேசுவாரு. இவரு வேலைக்குப் போனப்புறம், கதவைச் சாத்திக்கிட்டு. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு'ன்னு ஆரம்பிப்பாரு. 'பயணிகளின்'லயே மாட்டிக்கும். மறுபடி முதல்லேருந்து. குழாயை மூடிட்டு நின்னு கேப்பேன். ஒவ்வொரு நாளும் போன நாளைவிட கொஞ்சம் கூடுதலா வரும். 'கனிவான' சரியா வந்த அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். சாப்பாடு போடறப்ப, 'மாமா, இன்னிக்கு ரொம்ப நல்லா சொன்னீங்க'ன்னுட்டேன். மறுநாள்லேருந்து ஒரு சத்தமும் இல்ல. விட்டுட்டாருன்னு நினைச்சேன். அடைச்சிட்டாருன்னு இப்பத்தான் தெரியுது." மூக்கை உறிஞ்சினாள். "அது கேக்காம மத்தியானத்துல வீடே வெறிச்சுன்னு இருக்கு அண்ணி."

தம்பி எழுந்து நின்றான், திரும்ப உட்கார்ந்தான். அப்பாவின் குரலைக் கேட்டு அவனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

கணவர்தான் முதலில் எழுந்தார். "சரி, அழுதா காத்து வருமா? இங்க பாரு கொசுவத்தி. பெரிய கடைங்கள்ல ஏ.சி. காத்து போற டக்ட் மாட்டறோம்ல. அதுலயும் இதே தொல்லைதான், ஒரு ரூம் பேச்சு அடுத்த ரூமுக்குப் போகும். நாங்க என்ன பண்ணுவோம்? குழாயை ஒரு வளைவு வளைப்போம். உள்ள கருப்பு ஃபோம் ஒட்டுவோம். காத்து வளைஞ்சு போயிடும். சத்தம் போய் ஃபோம்ல முட்டிக்கிட்டு அங்கேயே கிடக்கும்."

அவள் அவரை வெறித்துப் பார்த்தாள். "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? ஏ.சி.ன்னு வாயெடுத்தாலே முறைப்ப."

அவர் வண்டியில் ஃபோம் ஷீட் இருந்தது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மொட்டைமாடியில் கிடந்தது. வெட்டி, வளைத்து, ஒட்டி, படுக்கையறைத் திறப்பில் படிக்கட்டுப் பக்கமாக முழங்கை மாதிரி ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். தம்பியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"குறட்டை விடுடா."

"முழிச்சிக்கிட்டு எப்படிக்கா?"

"போன் பண்ணி அக்காவை அழ வைக்கத் தெரிஞ்சுது இல்ல? விடு."

விட்டான். முன்பு லாரியாக இருந்தது இப்போது எங்கோ பூனை உறுமுவது போலக் கேட்டது. பெட்டியின் வாயருகே கொசுவத்தியைப் பிடித்தாள். உள்ளேயிருந்து வந்த காற்று புகையை முகத்தில் அடித்துவிட்டு மேலே தூக்கிக்கொண்டு போனது. அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

சமையலறைக்கும் ஒன்று செய்தார்கள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அப்பா அறைக்குப் போனாள். கட்டிலில் காக்கிச் சட்டைகள் இல்லை. அலமாரிக்குள் அடுக்கியிருந்தார்.

"அப்பா, இதை மாட்டிட்டா நீங்க பேசறது யாருக்கும் கேக்காது. காத்தும் வரும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வே... ணாம்."

"அப்ப பழையபடி அடைச்சிடவா? புழுங்குமேப்பா."

அதற்கும் தலையாட்டல். இடது கையைத் தூக்கித் திறப்பைக் காட்டினார். "அப்... படியே. தெற... ந்து."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் திறப்பு வழியாகப் பேச்சு வெளியே மட்டுமா போகும்? படிக்கட்டில் உட்கார்ந்து நாலு பேரும் பேசியது ஒரு எழுத்து விடாமல் இங்கே வந்திருக்கிறது. இரண்டாம் தடவையும் காதை மறந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, ஆனால் அப்பா முகத்தில் கோபமில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினாள்.

நாளைக்கு வாத்தியார் வருவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எல்லாக் கதவுகளையும் சாத்தச் சொன்னாள். தம்பி படுக்கையறை வாசலில் நின்றான், அவன் மனைவி சமையலறைக்குள் பாத்திரம் கழுவப் போனாள், கணவர் மேல்படியில் உட்கார்ந்தார். அவள் அப்பா அறை வாசலில் நின்று கடைசித் துண்டைக் கொளுத்தினாள். புகை ஒரு கணம் தயங்கி, சாய்ந்து, படியேறத் தொடங்கியது.

அதோடு சேர்ந்து ஒரு குரலும் வந்தது.

"ப... பயணிகளின்..."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. அதன் கதவு திறந்தது.

"பயணிகளின் கனி... கனிவான... கவ... னத்திற்கு."

உடைந்த குரல்தான். ஆனால் அந்த மனிதர் அதைத் தொண்டைக்குள் பேசவில்லை. ஒரு பேருந்து நிலையம் முழுவதற்கும் சொல்கிற மாதிரி நெஞ்சிலிருந்து எடுத்துச் சொன்னார். அது படிக்கட்டில் ஏறி, உச்சிக்குப் போய், வீடு முழுக்க இறங்கியது. தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பிறகு உள்ளேயிருந்து அப்பா, மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேட்பாரே, அதே தோரணையில் கேட்டார்.

"கேக்... குதா?"

சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்ற மருமகள்தான் பதில் சொன்னாள்.

"நல்லா கேக்குது மாமா. மேல சொல்லுங்க."